வெயிலுக்கு மூடி, விளிம்பில் இடி: உலகக் கோடைப் புயல்கள்

#1 பாரமானி

ஒவ்வொரு கோடையிலும் இதே கேள்வி வருகிறது. ஒரு பக்கம் வெயில் கொளுத்துகிறது, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஆலங்கட்டி கூரையை உடைக்கிறது, வானிலைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று. பிடிக்கவில்லை. பெரும்பாலும் இரண்டும் ஒரே அமைப்பின் நடுவும் விளிம்பும்தான்.

உயரழுத்தம் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டால் மேலிருந்து காற்று கீழிறங்கும். இறங்கும் காற்று அமுங்கும், அமுங்கினால் சூடாகும். தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சூடான அடுக்கு மூடி போல் நிற்கும். கீழே இருக்கும் ஈரக்காற்று எவ்வளவு முட்டினாலும் அந்த மூடியைத் தாண்டாது. அதனால் நடுவில் மேகமே இல்லை, வெயில் மட்டும். விளிம்புக்குப் போனால் மூடி மெலிகிறது, மேலே ஜெட் ஸ்ட்ரீம் (உயரத்தில் ஆறு போல் வேகமாக ஓடும் காற்று) ஓடுகிறது, கீழே பல நாள் அடைபட்ட ஈரம் காத்திருக்கிறது. அங்கேதான் வெடிக்கும்.

பாடப்புத்தக உதாரணம் 1995 ஜூலை. சிகாகோவில் வெயில் 41 டிகிரியைத் தொட்டது, 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வாரத்தில் அதே உயரழுத்தத்தின் வடக்கு விளிம்பைச் சுற்றி வரிசையாகக் காற்றுப் புயல்கள் ஓடின. 15-ஆம் தேதி அதிகாலையில் நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் காடுகளில் லட்சக்கணக்கான ஏக்கர் மரங்கள் சாய்ந்தன. செய்தித்தாளில் இரண்டும் வெவ்வேறு பக்கத்தில் வந்திருக்கும். வானிலை வரைபடத்தில் ஒரே வளையம்.

இழையில் எழுதுகிறவர்கள் இடம், தேதி, அளவு மூன்றையும் போடுங்கள். ‘வரலாறு காணாத’ என்ற சொல்லுக்கு இங்கே தடை.

#2 மேகநோக்கி

அந்த மூடியின் உச்சக்கட்டம் 2021 ஜூன் கடைசி வாரம், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. லிட்டன் என்ற சிறு ஊரில் 29-ஆம் தேதி 49.6 டிகிரி. அதற்கு முன் கனடாவின் அதிகபட்சம் 1937-இல் சஸ்காட்செவனில் பதிவான 45.0. பொதுவாக ஒரு நாட்டின் சாதனை 0.2, 0.5 என்றுதான் உடையும். இங்கே 4.6 டிகிரி தாண்டியது. வானிலைக்காரர்கள் முதலில் கருவியைச் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. மறுநாளே ஊர் தீயில் போய்விட்டது.

எப்படி இவ்வளவு? நான்கு விஷயம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின.

ஒன்று, பசிபிக்கின் மேற்குப் பக்கத்தில் பெய்த மழையில் ஈரம் நீராகும்போது வெளியேறிய மறைவெப்பம் மேல் காற்றைச் சூடாக்கி, அந்த உயரழுத்தத்தை ஊதிப் பெரிதாக்கியது. இரண்டு, கீழிறக்கம்: உலர்ந்த காற்று 1 கிலோமீட்டர் இறங்கினால் 9.8 டிகிரி கூடும். மூன்று, மலையிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கிய காற்று அதே கணக்கில் இன்னும் சூடேறியது. லிட்டன் இருப்பதே இரண்டு ஆறு சேரும் ஆழமான பள்ளத்தாக்கில். நான்கு, காய்ந்த மண். மண்ணில் ஈரம் இருந்தால் சூரிய ஆற்றலில் பெரும்பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகும். ஈரம் தீர்ந்தால் அத்தனையும் காற்றைச் சூடாக்கப் போகும்.

நாலாவதைத்தான் ஊடகங்கள் விட்டுவிடுகின்றன. வசந்த காலத்தில் மழை குறைந்திருந்தால், அந்த வெப்ப அலைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்று அர்த்தம்.

#3 ஈரக்காற்று

வெப்பநிலை எண் ஒன்றை வைத்து ஆபத்தைப் பேசுவது அரைகுறை. 50 டிகிரி உலர்வெயிலை விட 38 டிகிரி புழுக்கம் கொடியதாக இருக்கலாம். சவூதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று டியூ பாயின்ட் (காற்றைக் குளிரவைத்தால் அதன் ஈரம் பனித்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 35 டிகிரி பதிவானது. நம் தோலின் வெப்பமே ஏறத்தாழ அவ்வளவுதான். டியூ பாயின்ட் அந்த அளவுக்கு ஏறினால் வியர்வை ஆவியாகவே வழியில்லை. சும்மா வழியும்.

ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது குமிழில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் எண், 35 என்பது தாங்கக்கூடிய கோட்பாட்டு எல்லை. ஆய்வகத்தில் இளம் ஆரோக்கியசாலிகளை வைத்துச் சோதித்ததில் ஈரமான சூழலில் 31-ஐ ஒட்டியே உடல் வெப்பம் கட்டுமீறத் தொடங்கியது. முதியவர்களுக்கு அதைவிடக் குறைவு.

வீட்டில் அளக்க இரண்டு ஒரே மாதிரி தெர்மாமீட்டர் போதும். முதலில் இரண்டையும் ஒரு மணி நேரம் பக்கத்தில் வைத்து ஒரே எண் காட்டுகிறதா பாருங்கள். வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொண்டு கழியுங்கள். ஒன்றின் குமிழில் கஞ்சிப்பசை போக அலசிய பருத்தித் துணி சுற்றி, வாலைக் காய்ச்சி வடித்த நீரில் விடுங்கள். நிழலில் வைத்து, வினாடிக்கு 3 மீட்டருக்குக் குறையாமல் காற்று வீசச் செய்யுங்கள். எண் இறங்கி ஒரு இடத்தில் நிற்கும். அதைப் படியுங்கள்.

உலர் 34, ஈரம் 27 என்று வந்தால்: 27 டிகிரியில் நிறைநீராவி அழுத்தம் 35.6 ஹெக்டோபாஸ்கல். இடைவெளி 7-ஐ 0.69-ஆல் பெருக்கினால் 4.8. கழித்தால் 30.8. 34 டிகிரிக்கான 53.2-ஆல் வகுத்தால் ஈரப்பதம் 58 சதவீதம், டியூ பாயின்ட் 24.5-ஐ ஒட்டி.

தப்பு நடக்கும் இடங்கள்: துணி அழுக்கானால், குழாய்நீரின் உப்பு படிந்தால், காற்று போதாவிட்டால். மூன்றிலும் ஈரக்குமிழ் உண்மையைவிட அதிகமாகவே காட்டும். ‘இங்கே 34 ஈரக்குமிழ்’ என்று யாராவது படம் போட்டால் முதலில் துணியைப் பாருங்கள்.

#4 வடமேற்குமூலை

குறுக்கே ஒரு சந்தேகம். வெப்ப அலையில் மின்விசிறி போடக் கூடாது என்கிறார்களே, மெய்யா? காற்று பட்டால் வியர்வை உலரத்தானே செய்யும்?

#5 ஈரக்காற்று

@வடமேற்குமூலை, இரண்டும் உண்மை, அதனால்தான் குழப்பம். விசிறி இரண்டு வேலை செய்கிறது: வியர்வையை உலர்த்துகிறது, கூடவே தோலைவிடச் சூடான காற்றைத் தோலில் மோதுகிறது. 35 டிகிரிக்குக் கீழே இரண்டுமே லாபம். அதற்கு மேலே போகப்போக இரண்டாவது நஷ்டமாகும். 40-ஐத் தாண்டினால் விசிறி உடலைச் சூடாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உலர்வெயிலில் நஷ்டம் சீக்கிரம் வரும், ஏனென்றால் அங்கே வியர்வை விசிறி இல்லாமலே உலர்ந்துவிடுகிறது, விசிறிக்குச் செய்ய மிச்சம் வேலை இல்லை. முதியவர்களுக்கு வியர்வையே குறைவு. அவர்களுக்கு விசிறியோடு கை, கழுத்து, முதுகில் ஈரத்துணி ஒற்றிக்கொண்டே இருந்தால்தான் பயன்.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் அந்த 2021 வெயிலில் இறந்ததாகக் கணக்கிடப்பட்ட 619 பேரில் 98 சதவீதம் பேர் கட்டடத்துக்குள்தான் வெப்பத்துக்கு ஆளானார்கள். வெளியே வெயிலில் அலைந்தவர்கள் அல்ல. இரவில் சுவர் வெப்பத்தை விடும் நேரத்தில் வீட்டுக்குள் 30-க்குக் கீழே இறங்காத அறைதான் எதிரி. ஆகவே செய்தியில் பகல் உச்சத்தை மட்டும் பார்க்காதீர்கள். இரவுக் குறைந்தபட்சம் எவ்வளவு, எத்தனை இரவு என்று தேடுங்கள்.

வெளியே வேலை செய்கிறவர்களுக்கு ஈரக்குமிழ் மட்டும் போதாது, வெயிலின் கதிர்வீச்சையும் சேர்க்க வேண்டும். கணக்கு இது: 0.7 × வெயிலில் இயற்கையாக வைத்த ஈரக்குமிழ் + 0.2 × கருங்கோளம் + 0.1 × நிழல் வெப்பநிலை. ஈரக்குமிழ் 28, கோளம் 48, நிழல் 34 என்றால் 19.6 + 9.6 + 3.4, மொத்தம் 32.6. அந்த அளவில் கடின உழைப்பை நிறுத்த வேண்டும். கோளம் என்பது 15 செ.மீ. விட்டமுள்ள, பளபளப்பில்லாத கருப்பு பூசிய செப்புக் கோளம். நிலைக்கு வர 20 நிமிடம் ஆகும். பிங்பாங் பந்தில் கருப்படித்துச் செய்தால் சீக்கிரம் நிலைக்கும், ஆனால் காற்று வீசும்போது குறைவாகக் காட்டும். அந்தக் குறைவு ஆபத்தான பக்கத்துக் குறைவு.

#6 ரேடார்ராத்திரி

சரி, விளிம்புக்கு வருவோம். அங்கே நடப்பதில் பெரியது டெரெச்சோ. ஸ்பானிய மொழியில் ‘நேராக’. 19-ஆம் நூற்றாண்டில் அயோவாவைச் சேர்ந்த கஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ் வைத்த பெயர். சுழலாமல் நேர்கோட்டில் அடித்துக்கொண்டு போகும் இடிமழை வரிசை.

2020 ஆகஸ்ட் 10 அயோவா சம்பவத்தைப் படித்தால் மற்றதெல்லாம் புரியும். காலையில் தெற்கு டகோட்டா–நெப்ராஸ்கா எல்லைப் பக்கம் சாதாரண இடிமழையாகத் தொடங்கி, 14 மணி நேரத்தில் ஏறத்தாழ 1,240 கி.மீ. ஓடி ஒஹையோவில் அடங்கியது. அட்கின்ஸ் அருகே அளந்த வேகம் மணிக்கு 203 கி.மீ. சீடர் ராப்பிட்ஸில் சேதத்தை வைத்து மதிப்பிட்டது 225. ஆளைக் குழப்புவது வேகம் அல்ல, நேரம். இடிமழைக் காற்று பத்து நிமிடத்தில் ஓயும் என்பதே எல்லோர் எண்ணமும். அங்கே சில இடங்களில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அடித்தது.

உள்வேலை இப்படி: மழை விழும்போது வழியில் ஆவியாகி, காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, தரையில் விழுந்து முன்பக்கம் பரவி ஒரு ஆப்பு போல் நுழைகிறது. முன்னால் இருக்கும் வெந்நீர் மாதிரிக் காற்றை அது தூக்க, புது மேகம் பிறக்கிறது. புது மேகத்தின் மழை ஆப்பை இன்னும் குளிர்விக்கிறது. பின்னாலிருந்து நடு உயரக் காற்று பீறிட்டு இறங்கி வரிசையை வில்லாக வளைக்கும். ரேடாரில் அந்த வில்லின் முனைப்பகுதி எங்கே நீட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கேதான் அடி அதிகம். வில்லின் பின்பக்கத்தில் எதிரொலி குறைந்த ஒரு பள்ளம் தெரிந்தால் பீறிட்ட காற்று தரைக்கு வந்துவிட்டது.

#7 மழைமானி

2022 ஆகஸ்ட் 18 காலை பிரான்ஸின் கோர்சிகா தீவில் நடந்ததையும் இதில் சேர்க்கலாம். மரிஞானாவில் மணிக்கு 224 கி.மீ. தீவில் முகாமிட்டிருந்தவர்கள் விழித்து வெளியே வருமுன் முடிந்துவிட்டது. தொடர்ந்து வட இத்தாலி, ஆஸ்திரியா வரை போனது. அன்று மேற்கு மத்தியதரைக் கடல் வழக்கத்தைவிடப் பல டிகிரி சூடாகக் கிடந்தது. வெப்ப அலைகள் வாரக்கணக்கில் அடுப்பாக எரித்த கடல். மூடி கழன்ற அன்று அத்தனையும் எரிபொருளானது. பல பத்திரிகைகள் ‘மினி சூறாவளி’ என்று எழுதின. அப்படி ஒரு பொருள் கிடையாது.

#8 மேகநோக்கி

பெயர்ச் சண்டைக்கு ஒரு வழி: மரங்களைப் பாருங்கள். சேதத்தை மேலிருந்து எடுத்த படத்தில் விழுந்த மரங்களின் தலைகள் ஒரே திசையிலோ, ஒரு புள்ளியிலிருந்து விசிறி போல் விரிந்தோ கிடந்தால் கீழ்நோக்கி விழுந்த காற்று, அதாவது டவுன்பர்ஸ்ட். இருபக்க மரங்களும் நடுக்கோட்டை நோக்கிக் குவிந்து குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் டொர்னேடோ. விமான விபத்துகளை ஆராயப் போன டெட்சுயா ஃபுஜிட்டா இதே விசிறி வடிவத்தை வைத்துத்தான் மைக்ரோபர்ஸ்ட் என்று ஒன்று இருக்கிறது என நிறுவினார். 4 கி.மீ.க்குள் அடங்கினால் மைக்ரோபர்ஸ்ட்.

ஐரோப்பாவில் டொர்னேடோ வராது என்று நினைக்கிறவர்களுக்கு: 2021 ஜூன் 24, செக் நாட்டின் தெற்கு மொராவியா. ஹ்ருஷ்கி தொடங்கி ஏழு ஊர்களை வரிசையாக உரசிக்கொண்டு போன எஃப்4 வகை (ஃபுஜிட்டா பெயரிலுள்ள 0 முதல் 5 வரையான டொர்னேடோ அளவுகோலில் 4). அங்கே மரம் குவிந்துதான் விழுந்திருந்தது.

@ரேடார்ராத்திரி, டெரெச்சோவுக்கு நீளம் எவ்வளவு வேண்டும் என்று சொல்லவில்லையே. 400 கி.மீ. போதுமா?

#9 ரேடார்ராத்திரி

பழைய வரையறை 400 கி.மீ., வழிநெடுக மணிக்கு 93 கி.மீ.க்குக் குறையாத வீச்சு. 2016-இல் சிலர் 650 கி.மீ. நீளம், 100 கி.மீ. அகலம் என்று இறுக்கச் சொன்னார்கள். என் கட்சி இரண்டாவதுதான். 400-ஐ வைத்தால் சும்மா ஒரு மழை வரிசை நீட்டி நிமிர்ந்தாலே பட்டம் கிடைத்துவிடுகிறது.

#10 ஆலம்

ஆலங்கட்டியை யாரும் தொடவில்லையே.

2023 ஜூலை 24, வட இத்தாலியின் அட்ஸானோ தெச்சிமோ: 19 செ.மீ. விட்டம், ஐரோப்பாவின் பெரியது. உலக அளவில் விட்டத்தில் பெரியது 2010 ஜூலை 23, தெற்கு டகோட்டாவின் விவியன்: 20.3 செ.மீ., 880 கிராம். அதையும் மின்தடையில் ஃப்ரீசருக்குள் கொஞ்சம் கரைந்த பிறகுதான் எடை போட்டார்கள். எடையில் பெரியது வங்கதேசத்தின் கோபால்கஞ்ச், 1986 ஏப்ரல் 14: 1.02 கிலோ, 92 பேர் பலி.

அளவு வளர மேலேற்றம் வலுவாக இருந்தால் மட்டும் போதாது. வானிலைப் பலூன் தரவில் ‘கேப்’ என்று ஒரு எண் இருக்கும். காற்று மேலேறக் கிடைக்கும் ஆற்றல் அது, கிலோவுக்கு எத்தனை ஜூல் என்று. அதை இரண்டால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அதிகபட்ச ஏறுவேகம் வரும். 3,000 இருந்தால் வினாடிக்கு 77 மீட்டர். நிஜத்தில் அதில் பாதி என்று வையுங்கள். அதுவே 5 செ.மீ. கல்லைத் தாங்க ஏராளம். ஆனால் கல் பெரிதாக வளர அந்த ஏற்றத்துக்குள் நிறைய நேரம் இருக்க வேண்டும். ஏற்றம் அகலமாகவும் சுழன்றுகொண்டும் இருந்தால்தான் கல் குறுக்கே நீந்திப் பல நிமிடம் தங்கும். அதற்குத் தரைக்கும் 6 கி.மீ. உயரத்துக்கும் இடையே காற்று வினாடிக்கு 20 மீட்டராவது மாற வேண்டும். வெயில் மட்டும் கொளுத்தி மேல்காற்று சோம்பிக் கிடந்தால் கேப் 5,000 போனாலும் பெரும்பாலும் சின்னக் கல்தான் விழும்.

விழும் வேகம்: 2.5 முதல் 4.5 செ.மீ. கல் மணிக்கு 40–65 கி.மீ. 5 முதல் 10 செ.மீ. 70–115. அதற்கு மேல் 160-ஐத் தாண்டலாம். கூடவே காற்று அடித்தால் பக்கவாட்டில் வரும், கூரையைவிட ஜன்னல் அதிகம் உடையும்.

படம் எடுக்கிறவர்கள் தயவுசெய்து கையில் வைத்து எடுக்காதீர்கள். கை அளவு ஆளுக்கு ஆள் மாறும். கல்லின் மேல் அல்ல, பக்கத்தில் ஸ்கேல், நேர் மேலே கேமரா. மிக நீண்ட அச்சை அளந்து, உடனே பையில் கட்டிக் காற்றை வெளியேற்றி உறைபெட்டியில் வையுங்கள். பையில்லாமல் வைத்தால் பனி நேரடியாக ஆவியாகிச் சிறுக்கும். இரண்டு மூன்று கல் தரையில் ஒட்டி உருவான கட்டியை ஒரே கல் என்று கொண்டுவருவது இன்னொரு வழக்கமான கோளாறு. உடைத்துப் பார்த்தால் நடு ஒன்றா மூன்றா தெரிந்துவிடும்.

2019 ஜூன் 30 மெக்சிகோவின் குவாதலஹாராவில் ஒன்றரை மீட்டர் பனிக்கட்டி குவிந்தது என்ற படங்களும் அப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டன. அவ்வளவும் வானத்திலிருந்து நேரே விழவில்லை. சின்னக் கல்தான், ஓடிய வெள்ளம் தாழ்வான தெருக்களுக்கு வாரிக் கொண்டுவந்து குவித்தது.

#11 வடமேற்குமூலை

நள்ளிரவில் திடீரென வெயில் அடித்தது போல் சூடாகும் சம்பவம் உண்டாமே? அதுவும் இந்த வகையா?

#12 மேகநோக்கி

உண்டு. ஹீட் பர்ஸ்ட். 2011 ஜூன் 9, கான்சாஸின் விசிட்டா: இரவு 12.42-க்கு 29 டிகிரி, 1.02-க்கு 39. இருபது நிமிடம்! செத்துக்கொண்டிருக்கும் இடிமழையின் மிச்ச மழை உயரத்திலேயே ஆவியாகி முடிகிறது. குளிர்ந்த காற்று விழத் தொடங்குகிறது. பாதி வழியில் குளிர்விக்க நீர் தீர்ந்துவிடுகிறது. ஆனால் வேகம் இருக்கிறதே, நிற்காமல் இறங்கி, கிலோமீட்டருக்கு 9.8 கணக்கில் சூடேறித் தரையை மோதும். டவுன்பர்ஸ்ட்டின் அண்ணன் தம்பி என்று வையுங்கள். ஒன்றில் நீர் கடைசிவரை மிச்சம், மற்றதில் வழியிலேயே காலி. அடையாளம்: வெப்பம் ஏறும் அதே நேரத்தில் டியூ பாயின்ட் சரிந்து, காற்று வீச வேண்டும். டியூ பாயின்ட் அசையாமல் வெப்பம் மட்டும் ஏறினால் கருவிக்குப் பக்கத்தில் யாரோ ஏசி வெளிப்பெட்டியை ஓட்டுகிறார்கள்.

#13 மழைமானி

😂 அதையும் பார்த்தாயிற்று.

மழைக்கு வருகிறேன். காற்று 1 டிகிரி சூடானால் சுமக்கக்கூடிய நீராவி 7 சதவீதம் கூடும். கோடைப் பெருமழைகளின் அடிப்படைக் கணக்கு இது. ஆனால் வெள்ளத்தைத் தீர்மானிப்பது மேகம் நகர்கிறதா நிற்கிறதா என்பதே. 2021 ஜூலை 14 ஜெர்மனியின் ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு நாளில் 100 முதல் 150 மி.மீ. கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் மண் முன்பே நிறைந்திருந்தது, பள்ளத்தாக்கு குறுகல், தாழ்வழுத்தம் நகரவில்லை. அங்கே ஆல்டெனாரில் 2016-இல் ஆறு ஏறிய 3.71 மீட்டர்தான் அதுவரை பதிவான உச்சம். இந்த முறை அதைத் தாண்டி ஏறி, அளவுமானியையே ஆறு கொண்டுபோனது.

ஒரு வாரம் கழித்தல்ல, ஆறே நாளில், ஜூலை 20 அன்று, சீனாவின் ஜெங்ஜோவில் ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்தது அன்றுதான். கரையைத் தொடாமல் தொலைவில் இருந்த இன்-ஃபா புயல் கடல் ஈரத்தை அனுப்பிக்கொண்டே இருந்தது, மலைச்சரிவு அதை மேலே தூக்கியது.

இத்தகைய தீவிரத்தில் மழைமானி பொய் சொல்லும். 20 செ.மீ. வாய், 0.2 மி.மீ. வாளி உள்ள சாய்வாளி மானியை (வாளி நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், சாய்வுகளை எண்ணும் வகை) எடுங்கள். ஒரு சாய்வுக்கு 6.28 மில்லி. மணிக்கு 200 மி.மீ. பெய்தால் 3.6 வினாடிக்கு ஒருமுறை சாய வேண்டும். சாய்வதற்கே அரை வினாடி. அந்த நேரத்தில் விழும் நீரில் ஒரு பகுதி நிறைந்த வாளியிலேயே விழுந்து கணக்கில் வராது. 5 முதல் 10 சதவீதம் குறையும். சோதிக்க: 628 மில்லி நீரை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள், 100 சாய்வு வர வேண்டும். பிறகு அதே நீரைப் பத்து நிமிடத்தில் விட்டு எத்தனை வருகிறது பாருங்கள். வித்தியாசம்தான் உங்கள் மானியின் திருத்தம். ஆலங்கட்டி விழுந்தால் வாய் அடைத்து, மழை நின்ற பிறகு அது கரையும்போது ‘மழை’ பதிவாகும். நேரம் தப்பாகப் போகும்.

ரேடாரும் யோக்கியமில்லை. 0.5 டிகிரி சாய்வில் 150 கி.மீ. தள்ளி அதன் கற்றை 2.6 கி.மீ. உயரத்தில் போகிறது, அதன் கீழே நடப்பது தெரியாது. ஆலங்கட்டி பளபளவென்று எதிரொலிப்பதைப் பெருமழை என்று எண்ணிவிடும். அதனால்தான் எதிரொலியின் வலிமையை 53 டிபிஇசட்டுக்கு (ரேடார் எதிரொலியின் அலகு) மேல் வெட்டிவிட்டு, மணிக்கு 104 மி.மீ. என்று உச்சவரம்பு வைப்பார்கள். ஆலங்கட்டி இல்லாத வெப்பமண்டலப் பெருமழையில் அதே வரம்பு உண்மையைக் குறைத்துவிடும்.

#14 பாரமானி

நல்லது. மழையில்லாத இடியையும் சேர்க்க வேண்டும். மேகத்தின் அடி 3 கி.மீ. உயரத்தில், கீழே காய்ந்த காற்று என்றால் மழை வழியிலேயே ஆவியாகும், மின்னல் மட்டும் தரைக்கு வரும். 2020 ஆகஸ்ட் நடுவில் கலிஃபோர்னியாவில் அப்படித்தான் மூன்று நாளில் ஏறத்தாழ 12,000 மின்னல், நூற்றுக்கணக்கான தீ.

தீ பெரிதானால் அதுவே மேகம் கட்டும். லிட்டன் எரிந்த அந்த 24 மணி நேரத்தில் பிரிட்டிஷ் கொலம்பியா–ஆல்பெர்ட்டா பக்கம் தீமேகங்களிலிருந்து 7 லட்சத்துக்கு மேல் மின்னல் பதிவானது. புது மின்னல், புதுத் தீ. 2003 ஜனவரி 18 கான்பெராவில் தீமேகத்தின் அடியில் நிஜ டொர்னேடோவே இறங்கியது. 2018 ஜூலை 26 கலிஃபோர்னியாவின் ரெட்டிங்கில் எழுந்த தீச்சுழலின் வேகம் மணிக்கு 230 கி.மீ. என்று மதிப்பீடு.

ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்கள் பயப்படுவது தீயின் முனையை அல்ல, பக்கத்தை. 2009 பிப்ரவரி 7: மெல்பர்னில் 46.4 டிகிரி, வடக்கிலிருந்து அனல்காற்று. தீ தெற்கு நோக்கி நீண்டு ஒல்லியாக ஓடியது. மாலையில் குளிர்முனை (குளிர்காற்றின் முன்விளிம்பு) வந்து காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும் அந்த நீண்ட பக்கம் முழுவதும் புது முனையாகிக் கிளம்பியது. வெயில் தணியும் நேரம்தான் அன்று உயிர்ச்சேதத்துக்கு முக்கிய நேரம். மொத்தம் 173 பேர்.

#15 ஈரக்காற்று

எண்களை நம்புமுன் பார்க்க வேண்டியது. 2024 மே 29 டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 என்று உலகமே எழுதியது. பிறகு தரமான கருவியோடு ஒப்பிட்டதில் தானியங்கி உணரி 3 டிகிரி கூட்டிக் காட்டியது தெரிந்தது. பக்கத்து நிலையங்கள் எல்லாம் பல டிகிரி கீழே நிற்க ஒன்று மட்டும் துருத்தினால் அன்றைக்கே சந்தேகப்பட வேண்டும்.

2021 ஜூனில் ‘சைபீரியாவில் 48 டிகிரி’ என்று வந்ததும் வேறு கதை. அது செயற்கைக்கோள் அளந்த தரையின் தோல் வெப்பம், காற்றின் வெப்பம் அல்ல. அதற்கு முந்தைய வருடம், 2020 ஜூன் 20, வெர்கோயான்ஸ்கில் பதிவான 38.0 தான் உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்ட காற்று வெப்பநிலை. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே அதுவே போதுமான அதிர்ச்சி. 48-ஐச் சொல்லி ஏன் அதைக் கெடுக்க வேண்டும்?

காரின் தெர்மாமீட்டர் சாலையிலிருந்து அரை மீட்டரில், இன்ஜினுக்கு முன்னால் இருக்கிறது. விதிப்படி வேண்டியது புல்தரைக்கு மேல் 1.25 முதல் 2 மீட்டர், காற்றோட்டமான வெள்ளைக் கூண்டு.

#16 ஆலம்

மின்னலை எண்ணிப் பார்க்கும் கணக்கு எல்லோருக்கும் தெரியும்: ஒளிக்கும் ஒலிக்கும் இடையே 3 வினாடிக்கு 1 கி.மீ. முப்பது வினாடிக்குள் கேட்டால் உள்ளே போங்கள், கடைசி இடிக்குப் பின் அரை மணி வெளியே வராதீர்கள். தெரியாதது எது என்றால், பெரும்பாலானவர்களை மின்னல் நேரடியாகத் தாக்குவதில்லை. தரை வழியாகப் பரவும் மின்சாரமே ஆளைச் சாய்க்கிறது. 2016 ஆகஸ்ட் 26 நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் 323 கலைமான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. முன்கால், பின்கால் இடைவெளி பெரிது. அந்த இடைவெளிக்கான மின்னழுத்தம் இதயம் வழியாகப் போகும். மரத்தடியில் கூட்டமாக நிற்பது ஏன் தப்பு என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். குந்தி உட்கார்ந்தால் பிழைக்கலாம் என்ற பழைய அறிவுரையையும் இப்போது கைவிட்டுவிட்டார்கள். உட்கார்கிற நேரத்தில் கட்டடத்துக்கோ, உலோகக் கூரையுள்ள மூடிய வண்டிக்கோ ஓடலாம்.

#17 வடமேற்குமூலை

கடைசியாக ஒன்று. விளிம்பில் இருக்கிற இடத்துக்கு ‘பலத்த இடிமழை’ என்று முன்னறிவிப்பு வருகிறது, ஒரு சொட்டுகூட விழுவதில்லை. இன்னொரு நாள் ஒன்றுமே சொல்லாமல் கொட்டுகிறது. மூடி கழலுமா கழலாதா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?

#18 பாரமானி

அதுதான் தொழிலில் கஷ்டமான கேள்வி. காலை பலூன் தரவில் 700 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில், சுமார் 3 கி.மீ. உயரத்தில், வெப்பநிலை பாருங்கள். சமவெளிகளில் 12 டிகிரிக்கு மேல் இருந்தால் மூடி கழல்வது அரிது. மேட்டுநிலத்தில் இந்த எண் செல்லாது, அங்கே தரையே அந்த மட்டத்துக்குப் பக்கம். பிறகு, மூடியை உடைக்கத் தேவையான தரை வெப்பம் எவ்வளவு என்று அதே வரைபடம் சொல்லும். 37 வேண்டும், மதியம் 35-இல் மெல்லிய உயர்மேகம் வந்து வெயிலை மறைத்துவிட்டது என்றால் முன்னறிவிப்பு பொய்க்கும். அந்த இரண்டு டிகிரிதான் நீங்கள் சொல்லும் ஒரு சொட்டு.

பிற்பகலில் தரவை மூடிவிட்டு வானத்தைப் பாருங்கள். மூடி இன்னும் தாங்குகிறது என்றால் மேகங்கள் ஒல்லியாகக் கோபுரம் போல் எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, தலை நார்நாராகப் பிரிந்து பத்து நிமிடத்தில் காணாமல் போகும். அடுத்தது எழும், அதுவும் கரையும். ஒவ்வொன்றும் கரையும்போது அந்த உயரத்துக்குக் கொஞ்சம் ஈரத்தை விட்டுச் செல்கிறது, அதனால் அடுத்தது சற்று உயரம் போகும். ஒரு கட்டத்தில் ஒரு கோபுரத்தின் விளிம்பு மங்காமல், காலிஃபிளவர் போல் கூராக, அடிப்பக்கம் தட்டையாகவும் கருப்பாகவும் நிற்கும். அது உச்சியில் கொல்லனின் பட்டறைக்கல் போல் தட்டையாகப் பரவி, பரப்புக்கு மேலே ஒரு குமிழ் முட்டிக்கொண்டு பத்து நிமிடத்துக்கு மேல் அடங்காமல் நின்றால் வண்டியைக் கூரைக்கு அடியில் விடுங்கள்.

#19 ரேடார்ராத்திரி

அந்தக் குமிழ் செயற்கைக்கோள் படத்திலும் தெரியும், ஆனால் பத்து நிமிடப் படத்தில் தவறலாம். கிடைத்தால் நிமிடத்துக்கு ஒன்று வரும் படத்தை எடுங்கள், சாயங்கால வெளிச்சத்தில் அதன் நிழல் மேகப்பரப்பில் நீளமாக விழும்.